செகண்ட் ஹேண்ட் இன்னோவா... அடியில குனிஞ்சு பாருங்க மக்கா!

"நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? இந்த வண்டியைப் பார்த்துச் சொல்லு மாப்ள"ன்னு மாமா கூப்பிடுறாரா? டிஎன் 65 நம்பர் வண்டின்னா, பெயின்ட் பளபளப்புல மயங்கிடாதீங்க. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே அரிச்ச உப்புக்காத்து இது. 2022 டிசம்பரில் அதுல ரயிலை நிறுத்தி, 2025 ஏப்ரலில் புதுப் பாலமே திறந்தாச்சு!

ஜாக்கியை நம்பி அடியில படுக்காதீங்க. ஒர்க்‌ஷாப் லிஃப்ட்டில் தூக்கச் சொல்லுங்க. சேசிஸ், பிரேக் பைப், ஸ்டெப்னி தொங்குற இடம்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. புதுசா கறுப்பு கோட்டிங் இருந்தா ஸ்க்ரூடிரைவரால தட்டுங்க. கெட்டியா 'டொக்'னு கேட்டா ஓகே. பொருக்கு பொருக்கா உதிர்ந்தா எஸ்கேப்!

பழைய மாடல் இன்னோவாவுக்குத் தனி சேசிஸ். எர்டிகாவில் பாடிதான் சேசிஸ். அங்கே துரு இன்னும் டேஞ்சர்.

மூணாவது வரிசையில நீங்களே ஏறி உட்காருங்க. கார்பெட்டைத் தூக்குங்க. ஈரமா, மணலா? தனுஷ்கோடி சவாரி அடிச்ச வண்டியா இருக்கலாம். ஆர்.சி.யில் முன்னாடி வாடகை வண்டியான்னும் பாருங்க.

பாலத்து மேல பிரேக் பைப் விட்டுப்போனா ஏழெட்டு உசுரு. விலையில பேரம் பேசலாம்... பிரேக்குல பேசக்கூடாது!