தகரக் குழல் வாங்கப் போகிறீர்களா?

அதிகாலையில் மாரிகுப்பத்தில் இரயில் ஏறி, பங்காரப்பேட்டை வழியாய்ப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று, இருட்டிய பின்பு வீடு திரும்புகிற ஆயிரக்கணக்கான தங்கவயல் பெற்றோரில் நீங்களும் ஒருவராயிருக்கலாம். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கங்கள் மூடப்பட்டது முதல், நம்மில் அநேகருடைய வருமானம் இரயிலில் போய்வந்து சம்பாதிக்கிற வருமானமாயிற்று. அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பிள்ளை, "அப்பா, எனக்கு ஒரு கீபோர்டு வேண்டும்" என்று கேட்கும்போது தகப்பனுடைய முகம் வாடுவது இயல்பே. சிலர் தவணையில் வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதங்களில் கீபோர்டு பீரோவின்மேல் ஏறிவிடுகிறது. தவணை மட்டும் இறங்குவதில்லை.

பிள்ளைக்கு இசையில் உண்மையான நாட்டம் உண்டா என்பதை, அதிகப் பணம் செலவழிக்குமுன்னே அறிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அதுதான் தகரக் குழல். ஆங்கிலத்தில் டின் விசில் என்றும் பென்னி விசில் என்றும் அழைக்கிறார்கள். கடையில் வெறுமனே "விசில்" என்று கேட்டுவிடாதீர்கள். குக்கர் விசிலையோ, விளையாட்டு ஆசிரியருடைய ஊதலையோ எடுத்து நீட்டுவார்கள்.

இந்தக் குழலின் சரித்திரமே எளியவர்களுடைய சரித்திரம். இங்கிலாந்திலே சஃபோக் மாவட்டத்துக் கிராமமாகிய கோனி வெஸ்டனைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் என்னும் பண்ணைத் தொழிலாளி, 1843-ஆம் ஆண்டில் மெல்லிய தகரத்தை உருட்டிக் குழலாக்கி, வாய்ப்பகுதியில் மரக்கட்டை செருகி விற்கத் தொடங்கினார். பிழைப்பைத் தேடி மான்செஸ்டர் நகருக்குக் குடிபெயர்ந்தவர் அவர். நகரத்திற்குப் பிழைக்க வந்த நமக்கு அவருடைய நிலைமை நன்றாய் விளங்கும். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி என்பதையும் நினைத்துக்கொண்டால், பென்னி விசில் என்ற பெயரே அதன் மலிவைச் சொல்லிவிடும்.

தங்கவயல்காரருக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. தங்கச் சுரங்கங்களால் வளர்ந்த மற்றொரு நகரமாகிய ஜொகானஸ்பர்க்கில், 1950-களில் கறுப்பின இளைஞர்கள் தெருவோரங்களில் இதே மலிவான குழலை ஊதி, க்வேலா என்னும் புதிய இசையையே உண்டாக்கினார்கள். ஸ்போக்ஸ் மஷியானே என்பவர் அவர்களில் பெயர்பெற்றவர். 'டாம் ஹார்க்' என்ற க்வேலா இசைத்தட்டு 1958-இல் இங்கிலாந்தின் விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை உயர்ந்தது. பூமிக்கடியில் தங்கம் வெட்டப்பட்ட ஊரில், பூமிக்குமேல் உள்ளவற்றுள் மிக மலிவான கருவியே புகழடைந்தது!

இனி விலைக்கு வருவோம். நம்மவர்கள் விலையை ஒப்பிடும்போது பெரும்பாலும் எண்ணை மாத்திரமே பார்க்கிறார்கள். ஒரே பொருளா என்பதை முதலில் பார்க்கவேண்டும். தகரக் குழலுக்கு ஆறு துளைகள் உண்டு. ஒவ்வொரு குழலும் ஒரே ஸ்ருதிக்கென்று செய்யப்படுகிறது. முதன்முதல் வாங்குகிறவர் 'டி' ஸ்ருதிக் குழலையே வாங்குவது நல்லது. பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் அதற்கே எழுதப்பட்டுள்ளன. நம்முடைய கர்நாடக இசைக் கணக்கில் அது இரண்டு கட்டை. நீளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு சாண் நீளமுள்ள பொருளை ஒருவர் 'டி' குழல் என்று பாதி விலைக்குக் கொடுத்தால், அது வேறு ஸ்ருதிக் குழலாகவோ விளையாட்டுச் சாமானாகவோதான் இருக்கும். அதேபோல் 60 சென்டிமீட்டர் அளவுள்ள 'லோ விசில்' பல மடங்கு விலையுள்ளது. பிள்ளையின் விரல்களுக்கும் எட்டாது. இவ்விரண்டையும் ஒப்பிடுவது, குழந்தையின் செருப்பையும் பெரியவருடைய பூட்ஸையும் ஒப்பிடுவது போலாகும்.

அடுத்து, கைக்கு வந்து சேரும் விலையைக் கணக்கிடுங்கள். ஓர் இடத்தில் குழல் 450 ரூபாய், அனுப்பும் செலவு 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மற்றோர் இடத்தில் 520 ரூபாய், அனுப்பும் செலவு இல்லை. மலிவு எது? முதலாவது 570 ரூபாய் ஆகிறதே! திருப்பி அனுப்ப நேர்ந்தால் அந்தச் செலவு யாருடையது என்பதையும் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் அடைத்து விற்கப்படும் பொருளின் எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த விலையாகும். அதற்குமேல் வரி என்று தனியே கேட்க எவருக்கும் உரிமையில்லை. வெளிநாட்டுப் பொருளானால், இறக்குமதி செய்தவருடைய பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் பெட்டியின்மேல் இருக்கவேண்டும்.

வெளிநாட்டிலுள்ள உறவினர் தபாலில் அனுப்பிவைத்தால் மலிவாயிருக்குமே என்று சிலர் எண்ணுவதுண்டு. முன்பு 5,000 ரூபாய் வரையுள்ள அன்பளிப்புகளுக்குச் சுங்கவரி இல்லாதிருந்தது. 2019 டிசம்பரில் அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. ராக்கியும் உயிர்காக்கும் மருந்துகளும் மட்டுமே அதற்கு விலக்கு. ஆகவே விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர் தம்முடைய பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதே உத்தமம். குழலின் எடையோ ஒரு பொருட்டல்ல.

பெங்களூரில் வேலை செய்கிற உங்களுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. சிட்டி இரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் பளேபேட்டை இருக்கிறது. இசைக்கருவிகளைச் செய்கிறவர்களும் விற்கிறவர்களும் நெடுங்காலமாய் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். உங்களிடம் சீசன் டிக்கெட் இருப்பதால் பயணச் செலவென்று தனியே ஒன்றுமில்லை. கையில் எடுத்து ஊதிப் பார்த்து வாங்கலாம் என்பதே கடையின் பெரிய லாபம். இயந்திரத்தில் செய்யப்படும் மலிவான குழல்களில், ஒரே கம்பெனியின் ஒரே மாதிரியிலும் ஒன்று இனிமையாகவும் மற்றொன்று கரகரப்பாகவும் அமைவதுண்டு. விலை ஒன்றே, பொருள் ஒன்றல்ல. தகரக் குழல் இருப்பில் இல்லையென்றால், ஆறு துளையுள்ள மூங்கில் குழலையோ, பிளாஸ்டிக் ரெக்கார்டரையோ காட்டுவார்கள். பக்கவாட்டில் ஊதும் மூங்கில் குழல் நம் நாட்டின் அருமையான கருவியே. ஆனால் அதில் ஓசை வரவழைக்கவே பிள்ளைக்கு நாட்கள் பல ஆகும். ரெக்கார்டரில் ஓசை உடனே வரும். எல்லா அரைச் சுரங்களும் கிடைக்கும். விரல் வைக்கும் முறைதான் சற்றுக் கடினம். என் அபிப்பிராயத்தில், தகரக் குழல் கிடைக்காத இடத்தில் நல்ல ரெக்கார்டரே அடுத்த சிறந்த தெரிவு.

ஊதிப் பார்ப்பது எப்படி? கைத்தொலைபேசியில் இலவசமாய்க் கிடைக்கும் டியூனர் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆறு துளைகளையும் மூடி மெதுவாய் ஊதினால் 'டி' என்று காட்டவேண்டும். மேலுள்ள இரண்டு துளைகளை மட்டும் மூடினால் 'ஏ' என்று காட்டவேண்டும். பிறகு ஆறையும் மூடியபடியே சற்று பலமாய் ஊதினால், அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கவேண்டும். முள் சற்று ஏறியோ இறங்கியோ நின்றால் பயப்படவேண்டாம். பல குழல்களில் வாய்ப்பகுதி பிளாஸ்டிக்கினால் ஆனது. அதை வெந்நீரில் சிறிது நேரம் வைத்துத் தளர்த்தி, வெளியே இழுத்தால் ஸ்ருதி இறங்கும், உள்ளே தள்ளினால் ஏறும். ஆனால் ஒரு சுரம் சரியாகவும் அடுத்தது மிகவும் தவறாகவும் இருக்குமானால், எத்தனை மலிவாயிருந்தாலும் அதை வைத்துவிட்டு வாருங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திருவிழாக் கடையில் வாங்கிய, ஸ்ருதியே சேராத ஊதலைப் பிள்ளை ஒரு மாதம் ஊதிப் பார்க்கும். பாட்டு பாட்டாக வராது. குற்றம் ஊதலுடையது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. "எனக்கு இசை வராது" என்று தீர்த்துவிடும். அந்தத் தீர்ப்பு நாற்பது வயதுவரை உடன் வரக்கூடும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடித்து இதை வாங்குவானேன்?

பொம்மை என்று விற்கப்படும் ஊதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பாருங்கள். 2021 ஜனவரி முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளுக்கு அது கட்டாயமாக்கப்பட்டது. பழைய சாமான் கடையில் கிடைக்கும் மிகப் பழைய குழல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவேண்டாம். அவற்றில் சிலவற்றின் வாய்க்கட்டை ஈயத்தினால் செய்யப்பட்டிருந்தது.

மேல் ஸ்தாயியில் இந்தக் குழல் காதைத் துளைக்கும். லைன் வீடுகளில் சுவர் ஒன்று, குடும்பம் இரண்டு அல்லவா? வாய்ப்பகுதியிலுள்ள ஜன்னல் போன்ற திறப்பை ஒட்டுத்தாளினால் ஓரளவு மறைத்தால் ஓசை தணியும். இரவு எட்டரை மணி இரயிலில் வந்து இறங்கிய பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாய்த் தூங்குவார்.