தலைக்காயம் ஆறினாலும் ஹார்மோனைப் பாருங்கள்!

பைக் விபத்தில் தலையில் பலத்த அடிபட்டவர் ஐ.சி.யூ.வில் கிடக்கிறார். கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையை நர்ஸ் மணிக்கொரு தரம் அளந்து குறிக்கிறார். பை சீக்கிரமே நிரம்பிவிடுகிறது. சிறுநீர் மஞ்சளே இல்லாமல் வெறும் தண்ணீர்போல இருக்கிறது. "யூரின் நல்லாப் போகுது" என்று உறவினர்களுக்கு நிம்மதி. மருத்துவரோ, உடனே ரத்தத்தில் சோடியம் பார்க்கச் சொல்கிறார்.

காரணம், மூளையின் அடியில் மெல்லிய காம்பில் தொங்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி சுரப்பி. தலை பலமாக அதிரும்போது அந்தக் காம்பும் அதன் ரத்தக் குழாய்களும் சேதமடையலாம். உடம்பில் தண்ணீரைத் தக்கவைக்கும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் இந்தக் காம்பின் வழியாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. அது குறைந்தால் நாளுக்கு 3 லிட்டருக்கும் மேல் சிறுநீர் போகும், தாகம் அடங்காது, போன தண்ணீரை ஈடுகட்டாவிட்டால் சோடியம் 145-ஐத் தாண்டும். டெஸ்மோபிரெசின் மருந்து இதைக் கட்டுப்படுத்தும்.

அதே ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தாலும் ஆபத்துதான். தண்ணீர் தேங்கி, சோடியம் 135-க்குக் கீழே போகும். 'உப்பு இறங்கிடுச்சு' என்கிறோமே, அதுதான். தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகலாம். வீட்டில் உப்புத் தண்ணீர் கொடுத்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மளமளவென்று சோடியத்தை ஏற்றினால் மூளைத்தண்டு நரம்புகளே பாதிக்கப்படலாம்.

மற்ற ஹார்மோன்களின் குறைபாடு பல மாதம் கழித்தும் தெரியவரலாம். ஓயாத அசதி, எடை மாற்றம், மாதவிலக்கு நின்றுபோவது, தாம்பத்திய ஆர்வம் குறைவது, மனச்சோர்வு. ஸ்கேன் நார்மல் என்பதால் வீட்டார் 'சோம்பேறித்தனம்' என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2007-ல் 'ஜாமா' மருத்துவ இதழில் வெளியான கட்டுரை, தலைக்காயம் பட்டவர்களில் கால்வாசிக்கும் சற்று அதிகமானோருக்குப் பிட்யூட்டரிக் குறைபாடு இருந்ததாகச் சொன்னது.

இந்தக் குறைபாடுகளில், கார்டிசால் என்ற ஹார்மோன் குறைவது உயிருக்கே உலைவைக்கும். காய்ச்சலோ வாந்தியோ வந்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். கார்டிசால் குறைவைக் கவனிக்காமல் தைராய்டு மாத்திரை மட்டும் தொடங்குவதும் ஆபத்து. காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையே முதல் தடயத்தைக் காட்டிவிடும்.

பலத்த தலைக்காயத்திலிருந்து மீண்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் அசதியைக் குறை சொல்லாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "பிட்யூட்டரி ஹார்மோன்களைப் பார்க்க வேண்டுமா, டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள். குறைபாடு இருந்தால் மருந்து உண்டு.