ஊதாத் தக்காளி: எப்போது பறிப்பது, எப்படி ருசிப்பது?



தாம்பரத்தை அடுத்த அகரம்தென் பக்கம் ஒரு தை மாதத்தில் போயிருந்தேன். ஒரு வீட்டு வாசலில் அந்த அம்மா என்னை நிறுத்தி, "சார், தக்காளி கறுத்துப் போச்சு. ஏதோ சீக்கு போலிருக்கு. பிடுங்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். செடி வளமாக நின்றது. கோலிக்குண்டு போலக் கொத்துக் கொத்தாகக் காய். தோல் மட்டும் கத்தரிக்காய் நிறம். பட்டணத்திலிருந்து வந்த மகன் விதையைக் கொடுத்தாரே தவிர, என்ன விதை என்று சொல்லவில்லை. "பிடுங்காதீங்கம்மா, இது ஊதாத் தக்காளி. இதோட நிறமே இதுதான்" என்றேன். அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: "அப்படின்னா காய் எது, பழம் எது? எப்படிங்க தெரியும்?"

நானும் முதல் வருஷம் இதில் ஏமாந்தவன்தான். கறுத்துவிட்டதே என்று பறித்து, வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். ஒரே புளிப்பும் துவர்ப்பும். நல்ல செடியைக் குறை சொன்னேன்; குறை என் அவசரத்தில் இருந்தது.

இந்த நிறம் எங்கிருந்து வந்தது? கத்தரித் தோலிலும் நாவல் பழத்திலும் நம் மணத்தக்காளிப் பழத்திலும் உள்ள அதே வகைச் சாயம்தான் இது. ஆந்தோசயனின் என்பார்கள். சிலி நாட்டிலும் காலபகோஸ் தீவுகளிலும் உள்ள காட்டுத் தக்காளி இனங்களில் இந்தச் சாயத்துக்கான குணம் உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் அந்தக் குணத்தை நாட்டுத் தக்காளியோடு ஒட்டுச் சேர்ப்பது போல மகரந்தம் சேர்த்து, 2012-இல் 'இண்டிகோ ரோஸ்' என்ற ரகத்தை வெளியிட்டார்கள். அதே வழியில் சிறுபழ ரகங்களும் வந்தன.

இன்னொரு ஊதாத் தக்காளியும் உண்டு. இங்கிலாந்து விஞ்ஞானிகள் ஒரு பூச்செடியின் மரபணுவைப் புகுத்தி உண்டாக்கியது. அது உள் சதை வரை ஊதாவாக இருக்கும். அமெரிக்காவில் 2024 முதல் வீட்டுத்தோட்டத்துக்கு விற்கிறார்கள். நம் நாட்டில் மரபணு மாற்றிய பயிரை அரசு அனுமதியின்றிப் பயிரிடக் கூடாது. ஆகவே அந்த விதையை யார் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். நாம் பேசுவது தோல் மட்டும் ஊதாவான, சதை சிவப்பான ரகம்.

இந்தச் சாயம் வெயில் பட்டால்தான் ஏறும். இலையோ காம்பு மூடியோ மறைத்த இடம் பச்சையாகவே நிற்கும். பிஞ்சிலேயே கறுப்பதும் இதனால்தான். எனவே மேல்பக்கத்தைப் பார்த்துப் பறிக்காதீர்கள். காயைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். அங்கே பச்சை போய்ச் செங்கல் சிவப்பு வரவேண்டும். தோலின் பளபளப்பு மங்க வேண்டும். விரலால் அமுக்கினால் லேசாக இளக வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால்தான் பழம்.

அழுகலை எப்படி அறிவது? நிறம் வெயில் படும் மேல்புறத்தில் தொடங்கும். தோல் வழவழப்பாக இருக்கும். அழுகல் அடியில் தொடங்கும். அந்த இடம் குழிந்து தோல்போலத் தடிக்கும். ஒருநாள் வெள்ளம், மறுநாள் வறட்சி என்று தண்ணீர் விட்டால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராமல் இது வரும். பழம் வெடிப்பதும் அப்படித்தான். கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே சீராகத் தண்ணீர் விடுங்கள். உப்பான போர் தண்ணீர் உள்ள வீடுகளில் மழைநீரைப் பிடித்து வைத்துக் கலந்து விடுவது நல்லது.

நம் பகுதிக்கு ஏற்ற பட்டம் எது? ஐப்பசியில் நாற்று விடுங்கள். மழை நேரே அடிக்காதபடி கூரையோரம் வையுங்கள். நாலைந்து இலை வந்த 25 நாள் நாற்றை, பெருமழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் நடுங்கள். தை, மாசியில் பழம் வரும். சித்திரை வெயிலுக்குத் தள்ளினால் பூ உதிரும், நிறமும் சரியாக ஏறாது.

தொட்டியானால் 15 லிட்டருக்குக் குறையாமல் மண் பிடிக்க வேண்டும். செம்மண், மக்கிய தொழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றும் சம அளவு. அடியில் ஓட்டை அவசியம். ஒரு சவுக்குக் குச்சியை ஆறடிக்கு ஊன்றிக் கட்டுங்கள். பக்கக் கிளைகளைக் கிள்ளி இரண்டு தண்டு மட்டும் விடுங்கள். ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும்.

பெரிய எதிரி வெள்ளை ஈ. இலைச்சுருள் நோயைப் பரப்புவது அதுதான். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடியருகே தொங்கவிடுங்கள். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளியுங்கள். இலை சுருண்ட செடியைத் தயங்காமல் பிடுங்குங்கள். அதற்கு மருந்து இல்லை.

இனி ருசி. சாயத்துக்கென்று தனி ருசி கிடையாது. ருசி இனிப்பும் புளிப்பும் சேர்ந்த கணக்கு. அது பழுத்தால்தான் வரும். ஒரு ஊதாப் பழத்தையும் ஒரு நாட்டுத் தக்காளியையும் நறுக்கி, முதலில் உப்பில்லாமலும், பிறகு ஒரு கல் உப்போடும் தின்று பாருங்கள். வித்தியாசம் உங்கள் நாக்குக்கே தெரியும். குளிர்பெட்டியில் வைத்தால் மணம் போய்விடும். ரசத்தில் போட்டால் நிறம் தண்ணீரில் கரைந்துவிடும். தோலை உரிக்காமல் தயிர்ப் பச்சடியில் போடுங்கள்.

"இது சர்க்கரையைத் தீர்க்கும், புற்றைத் தடுக்கும்" என்று சொல்லி விதையை அதிக விலைக்கு விற்பவரை நம்பாதீர்கள். மரபணு மாற்றிய ரகத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2008-இல் வெளிவந்தது. அதை மனிதருக்கு மருந்தென்று சொல்ல முடியாது. பாக்கெட்டில் எஃப்1 என்று இருந்தால் அது வீரிய ஒட்டு. அந்தப் பழத்தின் விதை தாயைப் போல வராது. மற்றதானால் நன்கு பழுத்த பழத்தின் விதையை இரண்டு நாள் புளிக்க விட்டு, கழுவி, நிழலில் உலர்த்தி அடுத்த பட்டத்துக்கு வையுங்கள்.

சந்தைக்கென்று நிலம் முழுக்க இதைப் போட வேண்டாம். குழம்புக்குத் தக்காளி வாங்குகிறவர் சிவப்பைத்தான் தேடுவார். வாங்க ஆள் உறுதியான பிறகு யோசிக்கலாம். இப்போதைக்கு வீட்டுக்கு இரண்டு செடி போதும்.

அகரம்தென் அம்மா செடியைப் பிடுங்கவில்லை. பத்து நாள் கழித்து நான் போனபோது ஒரு பழத்தைத் திருப்பி அடியைக் காட்டி, "இது ஆச்சுங்க சார், அது இன்னும் ஆகல" என்றார். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான்.