‘பெர்மனென்ட் ஆயிட்டியா?’ - வெற்றிக்கு யார் போட்ட கணக்கு? எண்ணூர் சொல்லும் பாடம்

“பையன் என்ன பண்றான்? எந்த கம்பெனி? பெர்மனென்ட் ஆயிட்டானா?”

கத்திவாக்கம், எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கல்யாண வீட்டுக்குப் போனால், இந்த மூன்று கேள்விகளைத் தாண்டாமல் பந்தியில் உட்கார முடியாது. அசோக் லேலண்ட், எம்.ஆர்.எஃப்., துறைமுகம், மின்வாரியம் என வேலை தரும் இடங்களை நம்பி வளர்ந்த பகுதி இது. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் நிரந்தரத் தொழிலாளிக்கும் சம்பளத்தில் மட்டுமல்ல, சொந்தக்காரர்கள் தரும் மரியாதையிலும் வித்தியாசம் உண்டு.

அதனால் கேள்வியில் தப்பில்லை. ஆனால், வெற்றி என்பது அது மட்டும்தானா? இதற்கு எண்ணூர் முகத்துவாரத்திலேயே ஒரு பதில் இருக்கிறது.

‘பொறம்போக்கு’ திட்டு ஆனது எப்படி?

வருவாய்த் துறைப் பதிவேட்டில் ‘புறம்போக்கு’ என்றால், வரி விதிப்புக்கு வெளியே வைக்கப்பட்ட நிலம். ஏரி, குளம், மேய்ச்சல் நிலம், சுடுகாடு, பாதை என ஊருக்கே பொதுவானவை. இவற்றிலிருந்து அரசுக்கு வரி வராது. ஆனால் இவை இல்லாமல் ஊர் இல்லை. காலப்போக்கில், வருமானம் தராத நிலத்தின் பெயர் உருப்படாத ஆளைத் திட்டும் சொல்லாக மாறிவிட்டது.

2017 ஜனவரியில் வெளியான ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ பேசியது இதைத்தான். கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதிய வரிகளை, எண்ணூரில் நின்றபடி கர்னாடக ராகங்களில் பாடியவர் டி.எம்.கிருஷ்ணா.

அதே ஆண்டு மார்ச்சில், 1970 முதல் இயங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் மூடப்பட்டது. ‘பெர்மனென்ட்’ என்று ஊர் நம்பிய இடத்துக்கும் ஒரு முடிவு தேதி இருந்தது.

கிருஷ்ணா எதை விட்டார்?

கர்னாடக இசைக் கலைஞர்களுக்கு டிசம்பர் சீஸன்தான் பெரிய அளவுகோல். எந்த சபா, எந்த ஸ்லாட், எவ்வளவு கூட்டம் என்பதை வைத்தே ஒருவரின் இடம் முடிவாகும். உச்சத்தில் இருந்தபோதே, 2015-ல், இனி டிசம்பர் சீஸனில் பாடப்போவதில்லை என்று அறிவித்தார் கிருஷ்ணா. தன் இசைப் பயணமும் சீஸனின் போக்கும் ஒத்துப்போகவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். 2016-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

கதை அதோடு முடியவில்லை. 2024-ல் மியூசிக் அகாடமி அவரைச் சங்கீத கலாநிதி விருதுக்குத் தேர்ந்தெடுத்தது. சில கலைஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். அந்த டிசம்பரில் அதே அகாடமி மேடையில் மீண்டும் பாடினார். ஒரு அளவுகோலை மறுப்பது ஆயுள் சபதம் இல்லை. காலம் மாறினால் மறுபரிசீலனை செய்யலாம். முடிவு மட்டும் நம்முடையதாக இருக்க வேண்டும்.

“அவர் ஜெயிச்சவர், விடலாம். இ.எம்.ஐ. கட்டுறவன்?”

நியாயமான கேள்வி. வீட்டு வாடகை, அம்மாவின் மருந்துச் செலவு, தங்கச்சி படிப்பு ஆகியவற்றை எந்தத் தத்துவமும் கட்டாது. இங்கேதான் இரண்டு கணக்குகளைப் பிரிக்க வேண்டும். ஒன்று தேவைக் கணக்கு, இன்னொன்று வெற்றிக் கணக்கு. நிரந்தர வேலை முதல் கணக்கைச் சரிசெய்யும். அதையே இரண்டாவது கணக்குக்கும் விடையாக எழுதும்போதுதான் சிக்கல்.

உளவியலாளர்கள் டிம் காஸரும் ரிச்சர்ட் ரயனும் 1993-ல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. உறவுகள், சுய வளர்ச்சி, சமூகப் பணி ஆகியவற்றைவிடப் பணத்தில் ஜெயிப்பதை முன்னால் வைத்தவர்களிடம் மனநலம் குறைவாக இருந்தது. பணம் வேண்டாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. அதை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதைத்தான் பார்த்தது.

உங்கள் கணக்கை எப்படிப் போடுவது?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. படகும் வலையும் கறுத்தன, மீனவர்களின் பிழைப்பு நின்றது. பதிவேட்டில் வருமானம் காட்டாத தண்ணீர் எத்தனை வீடுகளில் உலை வைத்தது என்பது, அது கெட்ட பிறகுதான் ஊருக்கே தெரிந்தது.

உங்கள் வாழ்க்கையிலும் அப்படிப் ‘புறம்போக்கு’ நிலம் இருக்கும். மூன்று கேள்விகளை மொபைல் நோட்ஸில் எழுதிப் பாருங்கள்.

1. சம்பளச் சீட்டில் வராத, ஆனால் போய்விட்டால் எல்லாமே நின்றுபோகும் விஷயங்கள் எவை? தூக்கம், நண்பர்கள், அப்பாவோடு ஒரு டீ... எதுவானாலும் சரி.

2. நீங்கள் துரத்தும் இலக்கை யாரும் பார்க்காவிட்டாலும், ஸ்டேட்டஸ் போட முடியாவிட்டாலும், துரத்துவீர்களா?

3. அதற்காக எதை விடத் தயார்? எதை விடவே மாட்டீர்கள்?

மூன்றாவது கேள்விக்குத்தான் நேரம் எடுக்கும். அவசரம் இல்லை. அடுத்த கல்யாண வீட்டில் “பெர்மனென்ட் ஆயிட்டியா?” என்று யாராவது கேட்டால், “இன்னும் இல்ல மாமா” என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அது தேவைக் கணக்குக்கான பதில். இன்னொரு கணக்கை மாமா கேட்கவில்லை. அதை நீங்கள்தான் போட வேண்டும்.