மூளைத் தொப்பி: சந்தேகங்களும் விளக்கங்களும்

பையன் வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை என்று டீச்சர் சொல்கிறார். தலையில் தொப்பி மாட்டி மூளை அலைகளை அளக்கும் இ.இ.ஜி. எடுத்தால் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் அதீதத் துறுதுறுப்பும்) இருக்கிறதா என்று தெரிந்துவிடுமா?

தெரியாது. மூளை அலைகளில் தீட்டா, பீட்டா என்ற இரு வகைகளின் விகிதத்தைப் பார்க்கும் கருவி ஒன்றுக்கு 2013-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது, அதுவும் டாக்டருக்குத் துணையாக மட்டும். ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்ய இந்த விகிதத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று 2016-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமி சொல்லிவிட்டது. குறைந்தது 6 மாதமாக, வீட்டிலும் பள்ளியிலும், 12 வயதுக்கு முன்பிருந்தே அறிகுறிகள் உண்டா என்று டாக்டர் பொறுமையாகக் கேட்பதுதான் இன்றும் வழி. அதை விட்டுவிட்டு, இ.இ.ஜி.யை வைத்துத் தரும் ‘பிரெய்ன் மேப்பிங்’ அறிக்கைக்குப் பணம் கட்டாதீர்கள்.

தலைக்குள் கரண்ட் செலுத்துவார்களா?

இல்லவே இல்லை. மூளை தானாக எழுப்பும் மின்சாரத்தைத் தொப்பியிலுள்ள உணரிகள் பதிவு செய்கின்றன, அவ்வளவுதான். அது சில பத்து மைக்ரோவோல்ட்தான். கண் சிமிட்டல்கூட அதைவிடப் பெரிய அலையாக விழும்.

பிறகு எதற்கு அளக்கிறார்கள்?

ஒலிக்கு மூளை எப்படிப் பதில் தருகிறது என்று பார்க்க. தொப்பி மாட்டிய குழந்தைக்குக் கேட்பது ‘டிக்... டிக்... டிக்...’ என்று ஒரே ஒலி. நடுவில் எப்போதாவது வேறு ஒலி. அது வந்து சுமார் 300 மில்லி விநாடியில் ஒரு அலை எழும். பி300 என்று பெயர், 1965-ல் கண்டறிந்தார்கள். ஏ.டி.எச்.டி. உள்ள குழந்தைகளிடம் இது சராசரியாகச் சிறிதாக இருக்கிறது. ஆனால் சராசரி என்பது கூட்டத்துக்கு. உங்கள் பிள்ளையைப் பற்றி அது தீர்ப்பு சொல்லாது.

ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபணுக் குறைபாட்டில் கதை வேறு. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நம் மூளை பழகிப்போய் அடங்கும். இவர்களுக்கு அப்படி அடங்குவதில்லை. மிக்ஸி ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தையை ‘அடம்’ என்று திட்டியிருப்போம். அது அடமாக இல்லாமலும் இருக்கலாம். மூளை இப்படி அடங்குகிறதா என்பதைப் பேச்சு வராத பிள்ளையிடமும் அளக்க முடிகிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஃப்ராஜைல் எக்ஸ் இருக்கிறதா என்பதை மட்டும் ரத்தத்தில் செய்யும் மரபணுச் சோதனைதான் உறுதிசெய்யும்.

குழந்தையை எப்படித் தயார் செய்வது?

முதல் நாளே தலைக்குக் குளிப்பாட்டுங்கள். எண்ணெய் வைக்காதீர்கள், உணரி ஒட்டாது. பிடித்த பொம்மையை எடுத்துப் போங்கள். தொப்பியைப் பிடுங்கி எறிந்தால் கட்டாயப்படுத்த வேண்டாம், இன்னொரு நாள் போகலாம்.