தூக்குமேடை இல்லை, வாதமேடை உண்டு
இந்தியாவின் நாடாளுமன்றப் பழக்கம் வடக்கு தில்லியில்தான் உருவானது. அதற்குக் குரல் கொடுத்தவர்களில் மூவர் தமிழர்கள். கட்டடம் நிற்கிறது. கதைதான் மறந்துவிட்டது.

தில்லி மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் காஷ்மீரி கேட்டிலிருந்து வடக்கே இரண்டாவது நிலையம் விதான் சபா. அருகில், சிவில் லைன்ஸ் பகுதியின் மரங்களுக்கு நடுவே, ஒரு நீண்ட வெள்ளைக் கட்டடம். ஊர்க்காரர்களுக்கு அது 'பழைய செயலகம்'. 1993-லிருந்து அங்கே தில்லி சட்டமன்றம் கூடுகிறது.

2025 ஆகஸ்டில் இந்தக் கட்டடம் திடீரென்று செய்திகளில் அடிபட்டது. காரணம் ஒரு சின்ன அறை. 2022-ல் ஆம் ஆத்மி ஆட்சி அதைப் 'பான்ஸி கர்', அதாவது தூக்குமேடை வீடு என்று திறந்து வைத்திருந்தது. விடுதலை வீரர்கள் இங்கே தூக்கிலிடப்பட்டார்கள் என்பது அதன் வாதம். இங்கிருந்து செங்கோட்டைக்குச் சுரங்கப்பாதை இருந்ததாக 2021-லேயே பேச்சு கிளம்பியிருந்தது. 2025-ல் ஆட்சி மாறியது. புதிய சபாநாயகர் விஜேந்தர் குப்தா 1912-ம் ஆண்டு வரைபடத்தைக் காட்டி, அது உறுப்பினர்களுக்கு உணவு கொண்டுபோகப் பயன்பட்ட 'டிபன் ரூம்' என்றார். ஆம் ஆத்மி ஏற்கவில்லை. சபையில் அமளி.

தூக்குமரமா, டிபன் கேரியரா என்ற சண்டையில் ஒரு விஷயம் அடிபட்டுப் போனது. இந்த வீட்டுக்குப் பெருமை சேர்க்க எந்தக் கற்பனையும் தேவையில்லை. குடிமக்களின் பிரதிநிதிகள் ஆட்சியாளரை முகத்துக்கு நேரே கேள்வி கேட்கும் பழக்கம் இந்தியாவில் வேர்விட்ட இடங்களில் முக்கியமானது இது.

அவசரத் தலைநகர்

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். புது தில்லி அப்போது காகிதத்தில்கூட இல்லை. அரசாங்கம் உட்கார உடனடியாக இடம் வேண்டும். மாண்டேகு தாமஸ் என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1912-ல் இந்தச் செயலகம் மளமளவென்று எழுந்தது. ஏகாதிபத்திய சட்டசபையும் இங்கேயே கூடத் தொடங்கியது.

அந்தச் சபைக்கு வைசிராயே தலைவர். அதிகாரிகளுக்கே பெரும்பான்மை. இந்திய உறுப்பினர்கள் பேசலாம், ஆனால் தடுக்க முடியாது. அந்தச் சபையில்தான் 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதா வந்தது. விசாரணையின்றிச் சிறையில் வைக்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா.

எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் வலங்கைமானில் பிறந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர், கோகலேயின் வாரிசு, மிதவாதி. அரசுக்குச் சங்கடம் தராதவர் என்று கருதப்பட்ட அவரே அன்று வைசிராய் செம்ஸ்போர்டை எச்சரித்தார். பார்வையாளராக வந்திருந்த காந்தி, சாஸ்திரி பொரிந்து தள்ளியதையும் வைசிராய் அதைக் கட்டுண்டவர்போலக் கேட்டதையும் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உறங்குகிறவரை எழுப்பலாம், உறங்குவதுபோல் நடிப்பவரை எழுப்ப முடியாது என்பதுதான் அன்று அவர் கண்ட முடிவு.

மார்ச்சில் மசோதா சட்டமானது. ஜின்னாவும் மதன்மோகன் மாளவியாவும் பதவி விலகினார்கள். ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக். வாதத்தால் தடுக்க முடியாததை இனித் தெருவில் எதிர்ப்பது என்ற காந்தியின் முடிவுக்கு இந்த மண்டபமும் ஒரு காரணம்.

சிப்பாயா, அதிகாரியா?

மாண்டேகு-செம்ஸ்போர்டு சீர்திருத்தத்துக்குப் பிறகு 1921-ல் இரண்டு அவைகள் வந்தன. மத்திய சட்டசபை பழைய செயலகத்தில் கூடியது. மேலவை சற்றுத் தொலைவில் யமுனைக் கரையை ஒட்டிய மெட்காஃப் ஹவுஸில் கூடியது. வாக்குரிமை பெற்றவர்கள் சிலரே. ஆனாலும் சட்டசபையில் முதல் முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பான்மை கிடைத்தது.

அந்த ஆண்டே சர் பி.எஸ். சிவசாமி அய்யர் ராணுவத்தைக் கையில் எடுத்தார். இந்திய ராணுவத்தைப் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத் தேவைகளோடு பிணைக்க முயன்ற எஷர் குழு அறிக்கைக்குப் பதிலாக வரிசையாகத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். அதிகாரிப் பதவிகளில் ஆண்டுதோறும் கால் பங்காவது இந்தியர்களுக்கு வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இந்தியர்கள் பெரும்பாலும் சிப்பாய்களாகவே இருந்த காலம் அது. டேராடூனில் ராணுவ அகாடமி திறக்க 1932 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கோரிக்கை சட்டசபைப் பதிவில் ஏறிய இடம் தில்லிதான்.

மூன்றாமவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார். 1924 பிப்ரவரியில், முழுத் தன்னாட்சிக்கு வழிசெய்யும் வகையில் அரசியல் சட்டத்தைத் திருத்தவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். சுயராஜ்யக் கட்சித் தலைவர் மோதிலால் நேரு அதற்கு ஒரு திருத்தம் கொடுத்து, வட்டமேஜை மாநாடு கேட்டார். 76-க்கு 48 வாக்குகளில் திருத்தம் நிறைவேறியது. அரசு அன்று தோற்றது.

இரண்டே ஓட்டு

இதே ரங்காச்சாரியார் மறுவருடம் ஒரு தோல்வியால் வரலாற்றில் இடம்பிடித்தார். 1925 ஆகஸ்டில் சட்டசபைத் தலைவர் பதவிக்கு முதன்முறையாகத் தேர்தல். அரசின் ஆதரவு ரங்காச்சாரியாருக்கு. எதிரே விட்டல்பாய் படேல், சர்தார் படேலின் அண்ணன். முடிவு 58-க்கு 56. இரண்டே ஓட்டில் விட்டல்பாய் வென்றார். மத்திய சட்டசபையை நடத்தும் நாற்காலி முதல் முறையாக வாக்களித்து ஓர் இந்தியருக்குத் தரப்பட்டது.

இதன் நூற்றாண்டு 2025 ஆகஸ்டில், நாட்டின் சபாநாயகர்கள் கூடிய மாநாட்டோடு, தில்லி பழைய செயலகத்தில் கொண்டாடப்பட்டது. ஆனால் தேர்தல் நடந்தது இங்கேயல்ல. கோடையில் அரசாங்கம் சிம்லாவுக்குப் போய்விடும். அங்கே அந்த மாதம்தான் திறந்த புதிய மன்றத்தில் வாக்கெடுப்பு நடந்தது. இன்று ஹிமாசலப் பிரதேச சட்டமன்றம் இருப்பது அந்தக் கட்டடத்தில்தான். விட்டல்பாய் தில்லியில் தலைமை தாங்கியது அடுத்த குளிர்காலக் கூட்டத்தொடரில்.

குடிபெயர்ந்த பின்

1927 ஜனவரியில் வட்ட வடிவ நாடாளுமன்றக் கட்டடம் திறந்ததும் சபை தெற்கே குடிபெயர்ந்தது. வடக்கு தில்லி மெல்ல நினைவிலிருந்து விலகியது. வைசிராய் தங்கிய மாளிகை தில்லிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அலுவலகமானது. மெட்காஃப் ஹவுஸில் 1947 ஏப்ரல் 21 அன்று முதல் தொகுதி ஐ.ஏ.எஸ். பயிற்சியாளர்களிடம் சர்தார் படேல் பேசினார். இன்று அது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவன வளாகம். நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியாது. தர்பார் நடந்த கரோனேஷன் பூங்காவில், இந்தியா கேட் அருகிலிருந்து 1960-களில் அகற்றப்பட்ட ஐந்தாம் ஜார்ஜின் சிலை நிற்கிறது.

பழைய செயலகம் ஓரளவு கொடுத்துவைத்தது. 1952-ல் தில்லியின் முதல் சட்டமன்றம், பிறகு மாநகர கவுன்சில், இப்போது மீண்டும் சட்டமன்றம் என்று பேச்சு அங்கே முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. வளாகத்தைப் பாரம்பரிய மையமாக்கும் யோசனையையும் சபாநாயகர் குப்தா முன்வைத்திருக்கிறார்.

யோசனை நல்லதுதான். அங்கே எந்தக் கதையைச் சொல்வது என்பதில்தான் சிக்கல். தியாகம் என்றால் தூக்குக்கயிறுதான் என்று நம்பப் பழகிய நாட்டில், எழுந்து நின்று 'ஏற்கமாட்டேன்' என்று சொன்னவரின் துணிச்சல் கண்காட்சிக்குள் அடங்காது. சாஸ்திரி தோற்றார், ரங்காச்சாரியார் தோற்றார், சிவசாமி அய்யர் கேட்டது தாமதமாகத்தான் வந்தது. ஆனால் தோற்றாலும் பேசவேண்டும், வென்றாலும் கேட்கவேண்டும் என்ற வழக்கம் அவர்களால் நிலைத்தது.

இது தில்லி சட்டமன்றத்தோடு முடியும் பிரச்சினையும் இல்லை. 2023 செப்டம்பர் 19 அன்று நாடாளுமன்றம் புதிய கட்டடத்துக்கு மாறியது. அரசியல் சட்டம் உருவான வட்ட மாளிகை இப்போது 'சம்விதான் சதன்'. பேச்சு வெளியேறிய வீட்டில் கட்டுக்கதைகள் எவ்வளவு எளிதாகக் குடியேறும் என்பதை மூத்த கட்டடம் காட்டிவிட்டது. அவை நுழையாமல் தடுக்க மருந்தும் கைவசம் இருக்கிறது. இரண்டு வீடுகளிலும் பேசப்பட்ட வார்த்தைகள் நடவடிக்கைக் குறிப்புகளாக அச்சில் உள்ளன. யாராவது எடுத்துப் படிக்கவேண்டும், அவ்வளவுதான்.