பெட்டிக்குள் இருந்த பெர்மிட்

கமக்காரருக்கு விதைநெல்லும் பசளையும் கடனுக்குக் கொடுத்து, அறுவடையில் நெல்லாக அறவிடும் மொத்த வியாபாரிகள் எமது சங்கத்தில் பலர். அவர்களுள் குடியேற்றத் திட்டக் காணிகளோடு தொடர்புள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டம் ஒன்றைப் பற்றி இங்கு எழுதுகிறோம். நாம் அதை அறிந்துகொண்டது காலம் கடந்துதான்.

யாழ்ப்பாணத்தில் நிலமும் போதாமல் வேலையும் இல்லாமல் இருந்த குடும்பங்களுக்காக 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. முதலில் வந்தவர்கள் இரணைமடுக் குளத்தை நம்பிக் காடு வெட்டினார்கள், மலேரியாவோடும் மல்லுக்கட்டினார்கள். டி. எஸ். சேனநாயக்கா விவசாய, காணி அமைச்சராக இருந்தபோது, 1935இல், காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்திருந்தது. காணிக் கச்சேரி வைத்து ஆட்களைத் தெரிவு செய்வார்கள். முதலில் கிடைப்பது அனுமதிப்பத்திரம், அதாவது பெர்மிட். நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்குப் பின்னர் அளிப்புப் பத்திரம். அக்காலத் திட்டங்களில் பொதுவாக 5 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். 1953க்குப் பின் அது குறைந்தது.

ஊர் வழக்கப்படி முதுசக் காணி பிள்ளைகளுக்குப் பிரியும்; பெண்ணுக்குச் சீதனமாகவும் போகும். அப்படியே விட்டால் இரண்டு தலைமுறையில் வரம்புதான் மிஞ்சும் என்று அரசு கருதியது. எனவே இந்தக் காணியைக் குறித்த அளவுக்குக் கீழ் துண்டாட முடியாது. அதிகாரியின் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. கடனுக்காக நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் பறிமுதல் செய்யவும் முடியாது. இந்தக் கடைசி விதியை எம்மைப் போன்றவர்களை மனதில் வைத்தே எழுதியிருப்பார்கள். கோபிக்க இடமில்லை.

உரிமையாளர் இறந்தால், துணைவர் உயிரோடிருக்கும்வரை அனுபவிக்கலாம். அதன்பின் காணி பெயர் குறித்த பின்னுரித்தாளருக்குப் போகும். அந்த நியமனம் உரிமையாளர் இறப்பதற்கு முன்பே முறைப்படி பதியப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் செல்லாது. பெயர் குறிக்காவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மகன்மாருக்கு முதலிடம், அவர்களுள்ளும் மூத்தவருக்கு. மகள்மார் அதற்குப் பின்னரே. 2022இல் வந்த திருத்தம்தான் இந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது.

இனி எமது கடைக் கதை. 1982இல் தந்தையார் முதலாளியாக இருந்தார். நாம் பற்றுக்கொப்பி எழுதினோம். மனைவியை இழந்த ஒரு கமக்காரர் காலபோகத்துக்கு இருபது மூடை விதைநெல் வாங்கி, ஈடாகப் பெர்மிட்டைத் தந்தார். அக்காலத்தில் பல கடைகளில் அது வழக்கம். எமது இரும்புப் பெட்டியில் வேறு இரண்டு பெர்மிட்டுகளும் கிடந்தன. அவருடைய மூத்த மகன் கொழும்பில் உத்தியோகம். இளையவரே தகப்பனோடு நின்று வயல் செய்தார். மார்கழியில் கமக்காரர் கடைக்கு வந்தார்.

“முதலாளி, சின்னவன்ரை பேரைப் பதியப் போறன். கந்தோரிலை பெர்மிட்டைக் கொண்டுவரச் சொல்லினம்.”

“அறுவடை முடியட்டும் அண்ணை, எடுத்துத் தாறன்” என்றார் தந்தையார்.

அவர் வற்புறுத்தவில்லை. தையில் கதிர் முற்றும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனார்.

சின்னவர் அந்த அறுவடையிலேயே கடனைத் தீர்த்தார். ஒரு மூடைகூட குறையவில்லை. தந்தையார் பெர்மிட்டை எடுத்து நீட்டியபோது அவர் கை நீட்டவில்லை. “இதை இனி அண்ணையிட்டைத்தான் குடுக்கவேணும் முதலாளி” என்றார். கந்தோரில் விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார் போலும். 1983 ஆடிக் கலவரத்தின் பின் தமையன் குடும்பத்தோடு கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தார். அவருக்கும் வேறு போக்கிடம் இல்லை. இரண்டு போகம் ஒரே வளவில் இருந்தார்கள். பிறகு சின்னவர் முரசுமோட்டைப் பக்கம் கூலிக்கு உழப் போனார். தமையனைக் குறை சொல்ல எமக்கு வாயில்லை. பெர்மிட் எமது பெட்டிக்குள் அல்லவா இருந்தது!

சட்டப்படி அந்தக் கடதாசியால் எமக்கு ஒரு சதமும் பயனில்லை. அதைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் காணியை எடுத்திருக்க முடியாது. எம்மிடம் இருந்ததால் கெட்டது கொடுத்தவரின் காரியம் மட்டுமே.

1996இலும் 2008, 2009இலும் நடந்த இடப்பெயர்வுகளில் வன்னியில் எத்தனையோ பேருடைய பத்திரங்கள் தொலைந்தன. உங்களிடம் கடன் கேட்டு வருபவர் குடியேற்றக் காணிக்காரர் என்றால், பின்னுரித்தாளரைப் பதிந்துவிட்டீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதியாதவரைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்கு அனுப்புங்கள். பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மற்ற இரண்டு பெர்மிட்டுகளையும் தந்தையார் அந்தத் தை மாதமே, கடன் தீருமுன், உரியவர்களின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒருவர் கடனைத் தீர்த்தார். மற்றவருடைய பற்று இன்னும் பழைய கொப்பியில் இருக்கிறது.